இடது பக்கம் மேலே

படுக்கைவிரிப்புகளுக்குக் காது என்று ஒன்று இருந்திருந்தால், அந்தச் சலவைக்கூடத்தில் வெளுத்துப் போனவை எல்லாம் இந்நேரம் கால்பந்து ரெஃப்ரி பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கும். அவ்வளவு கேட்டிருக்கின்றன. ஊரில் உள்ள ஹோட்டல்களின் விரிப்பு, துவாலை, தலையணை உறை எல்லாம் அங்கேதான் வெளுப்புக்கு வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை ஈரத்தோடு முன்பக்கம் இரண்டு பேர் சூடான ரோலருக்குள் விடுவார்கள். ஆவி பறக்க மறுபக்கம் வெளியே வருவதை இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். முனையைப் பிடி, உதறு, எதிரே வா, முனையைக் கொடு, கீழ்மடிப்பை எடு, மறுபடி விலகு. நாள் முழுக்க ஒரே முகத்தை நோக்கி நடந்து போய்த் திரும்புகிற வேலை. வாயை மூடிக்கொண்டு செய்தால் பைத்தியம்தான் பிடிக்கும்.

அந்தக் கவலை அபிப்பிராயத்துக்கு இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஊர் டீமைப் பற்றி அவர் அபிப்பிராயம் சொல்லாத விஷயம் கிடையாது என்பதால் வந்த பெயர் இது. மழைநாளில் கட்டையான பையன்களை இறக்க வேண்டும் என்பார். கார்னர் கிக் அடிக்கும்போது நெட்டையன்கள் எல்லாரும் ஒரே இடத்தில் போய் நிற்பதற்கு அது என்ன பஸ் ஸ்டாப்பா என்று கேட்பார். டீம் முதலாளி புது பஸ் வாங்கிய வருஷம், பஸ்ஸா வந்து கோல் போடப் போகிறது என்று வாரக்கணக்கில் புலம்பினார். கோச்சுகள் மாறினார்கள். முதலாளி மாறினார். ஸ்டாண்டின் கூரைகூட ஒரு புயலில் பறந்து போய் வேறு கூரை வந்தது. அபிப்பிராயம் மட்டும் அதே கிழக்கு ஸ்டாண்டில், அதே வரிசையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்ன ஒன்றைக்கூட எந்தக் கோச்சும் கேட்டதில்லை. அது அவருக்குத் தீராத மனக்குறை.

மகள் போய் அந்த டீமின் கோல்கீப்பரையே கட்டிக்கொண்டாள். மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்கிறவள் அவள். விரலுக்கு பிளாஸ்டர் வாங்க வந்தவன், இருக்கிற விரல்களுக்கு மேல் பிளாஸ்டர் வாங்கிக்கொண்டே இருந்தான். “பொண்ணக் குடுத்து சீசன் டிக்கெட் வாங்கிட்டாருய்யா மனுஷன்” என்று சலவைக்கூடமே சிரித்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. டீமில் மற்ற பத்துப் பேரைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கோல்கீப்பரைப் பற்றி மூச்சு விடக் கூடாது. சட்டம் போட்டவள் மனைவி. “எனக்கு டீமும் வேணாம் பந்தும் வேணாம். அவ்வளவு அபிப்பிராயம் இருந்தா இந்த அலமாரிக் கதவு ஏன் மூட மாட்டேங்குதுன்னு ஒரு அபிப்பிராயம் சொல்லுங்க” என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை அவர் எதைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமைதான் டீம் மூன்று கோல் வாங்கித் தோற்றிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். அதில் டிரா செய்தால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். இறங்கினால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி பேப்பரிலேயே சொல்லிவிட்டார்.

“என்னண்ணே, உடம்பு சரியில்லையா?” என்றாள் எதிரே விரிப்பைப் பிடித்திருந்த அக்கா. அவருக்கு இளையவள்தான். ஆனாலும் கூடத்தில் எல்லாருக்கும் அக்கா, அவருக்கும்.

“ஒண்ணுமில்லக்கா. முனைய இழுத்துப் பிடிங்க.”

“மூணு வாங்கியிருக்கோம், ஒண்ணுமில்லங்கிறீங்க. என் வீட்டுக்காரர் நேத்தே சொன்னாரு, நாளைக்கு உங்க கூடத்துல ரோலரே வேணாம், அபிப்பிராயத்தோட வாய்ச் சூட்டுலயே துணி காஞ்சிரும்னு.”

“சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.”

முனையைக் கொடுக்க எதிரே வந்த அக்கா அப்படியே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் அடுத்த விரிப்பு ரோலரிலிருந்து வெளியே வந்து தரையில் சரிந்துவிட்டது. சூப்பர்வைசர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். இருவரும் குனிந்து அதை எடுத்து, மறுபடி துவைக்கப் போகிற கூடையில் போட்டார்கள்.

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதுதான் தொல்லை. முந்தின நாள், ஞாயிறு மத்தியானம்தான் அது தெரிந்தது.

மகளும் மாப்பிள்ளையும் அவர் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழே வந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். தோற்ற மறுநாள் என்பதால் அன்று யாரும் அதிகம் பேசவில்லை. மனைவி, கேட்காமலே மாப்பிள்ளைக்கு இன்னொரு முட்டையை வைத்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அது. மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினான். கை டம்ளருக்கு ஒரு விரற்கடை தள்ளி வெறும் காற்றைப் பிடித்தது. மகள் வேறெங்கோ பார்த்தபடி, டம்ளரை எடுத்து அவனுடைய வலது பக்கம் வைத்தாள். பதறி வைக்கவில்லை. தினமும் செய்கிற வேலை போல வைத்தாள்.

அபிப்பிராயத்தின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவர் மனதுக்குள் ஒவ்வொரு கோலாக ஓடத் தொடங்கியது. சனிக்கிழமை வாங்கிய முதல் கோல், மாப்பிள்ளைக்கு இடது பக்கம், மேலே. இரண்டாவது, அதே இடம். மூன்றாவது பெனால்டி, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்கு முந்தின வாரம்? அதற்கும் முந்தின வாரம்? எட்டத்திலிருந்து வந்த எல்லாமே இடது பக்கம், மேலே. வலது பக்கம் வந்ததை எல்லாம் பாய்ந்து பாய்ந்து பிடித்திருந்தான். இப்போது நினைத்துப் பார்த்தால், நிற்பதே கொஞ்ச நாளாக ஒரு அடி இடது பக்கம் தள்ளித்தான் நின்றான். காலுக்கு வாட்டமாக அப்படி நிற்கிறான் போலிருக்கிறது என்று அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மகள் பாத்திரம் கழுவப் போனபோது பின்னாலேயே போனார்.

“எவ்வளவு நாளா?”

“என்னப்பா எவ்வளவு நாளா?”

“டம்ளர நகத்தினியே, அது எவ்வளவு நாளா? இடது கண்ணுதானே?”

மகள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். முன்னறையில் இருந்தவனுக்குப் பேச்சு கேட்கக் கூடாது என்பதற்காக. பிறகு தட்டைத் தேய்த்தபடியே சொன்னாள்.

“பயிற்சியில பந்து ஒண்ணு மூஞ்சில பட்டுச்சே, ஞாபகம் இருக்கா? வீக்கம் வடிஞ்சதும் எல்லாரும் மறந்துட்டாங்க. உள்ள புரை விழுந்திருக்குப்பா. வெள்ளையா ஒரு திரை போட்ட மாதிரி இருக்காம். நாங்க யாருக்கும் தெரியாம வெளியூர் போய்க் காட்டினோம். ஆபரேஷன் பண்ணினா பார்வை வந்துரும்னு சொல்றாங்க. ஆனா பண்ணினா சில மாசம் பந்து பக்கமே போகக் கூடாது.”

“பண்ண வேண்டியதுதானேம்மா. கண்ண விட்டுட்டு என்ன ஆட்டம்?”

“கான்ட்ராக்ட் இந்த சீசனோட முடியுது. டீம் கீழ போகாம நின்னாத்தான் அடுத்த கான்ட்ராக்ட், அப்படித்தான் எழுதியிருக்கு. இப்ப வாயத் தொறந்தா நாளைக்கே வெளிய. கண்ணு போன கீப்பர்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, அப்புறம் கண்ணு வந்தாலும் எவன் கூப்பிடுவான்? ஆட்டம் முடிஞ்ச மறுநாளே ஆபரேஷனுக்குச் சொல்லி வெச்சாச்சு. ஒரே ஒரு ஆட்டம்தான்ப்பா. எப்படியாவது தாண்டிட்டா போதும்.”

“ரெண்டாவது கீப்பர் இருக்கான்ல?”

“விரல் ஒடைஞ்சு கட்டுப் போட்டிருக்கான். இவரு இல்லேன்னா மீசை முளைக்காத ஒரு பையனத்தான் நிறுத்தணும்.”

வேறு எந்த வீட்டுப் பையனாக இருந்தாலும் இதற்கு அவரிடம் அபிப்பிராயம் தயாராக இருந்திருக்கும். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கோலில் நிற்பது டீமுக்குச் செய்கிற துரோகம், அந்த மீசை முளைக்காதவனையே நிறுத்து என்று கிழக்கு ஸ்டாண்டே அதிரக் கத்தியிருப்பார். அவர் உயிரை விட்டு நேசித்த டீம் அது. ஆனால் எதிரே நிற்பவள் தட்டைத் தேய்த்து முடித்தும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் இளைத்துப் போயிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். எத்தனை வாரமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாளோ.

“எனக்கு உங்க வாய நெனச்சாத்தான்ப்பா பயம்” என்றாள் மகள்.

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“சின்னப் பிள்ளைன்னா மிட்டாய் குடுத்து அடக்கிடலாமே.”

“கண்ணப் பத்தி என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது. போதுமா?”

போதும் என்று அவள் தலையாட்டினாள்.

அந்த வாரம் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தார். செவ்வாய்க்கிழமை கூடத்தில் ஆளாளுக்குக் கேட்டுப் பார்த்தார்கள். புதன்கிழமை கேலி ஆரம்பித்தது. மாமனார் வாய்க்கும் சேர்த்து மாப்பிள்ளை பூட்டுப் போட்டுவிட்டான், கோலுக்குப் போட வேண்டிய பூட்டை இங்கே போட்டுவிட்டான் என்றார்கள். வெளியே விடாமல் தூறிக்கொண்டிருந்தது. மழைநாளில் கூடத்துக்குள் புழுக்கம் தாங்காது. ஆவி வெளியே போக வழியில்லாமல் கண்ணாடிகளில் வழியும். எல்லாருக்கும் எரிச்சல். அவர் விரிப்புகளை மட்டும் பார்த்து மடித்தார். அக்கா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இப்படி வேல செய்யறதுக்கு நான் ஒரு கம்பத்துகூட நின்னு மடிக்கலாம்” என்றாள்.

வெள்ளிக்கிழமை வேலை அதிகம். மறுநாள் விளையாட வருகிற வெளியூர் டீம் பெரிய ஹோட்டலில் இறங்கியிருந்தது. துவாலை கூடுதலாக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேன்காரன் வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, கட்டுகள் தயாராகும்வரை உள்ளே வந்து நின்றான். எல்லா ஹோட்டல் பின்வாசலுக்கும் போய் வருகிறவன். எங்கே போனாலும் அங்கேயுள்ள பேச்சில் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போய் அடுத்த இடத்தில் இறக்குவான். கெட்ட எண்ணம் கிடையாது. பேச்சு சும்மா கிடந்தால் அவனுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர் டீ குடிக்க அந்தப் பக்கம் வந்தார். அவருக்கும் அபிப்பிராயத்துக்கும் ஆகாது. டீயை ஆற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்.

“ஊர்ல பேசிக்கிறாங்க. கீப்பர் காசு வாங்கிட்டுத்தான் விடறானாம்.”

மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. ரோலர் மட்டும் ஓடியது.

“யார் பேசிக்கிறது?” என்றார் அபிப்பிராயம்.

“ஊரே பேசுது. நான் சொல்லல. போன வருஷம் அவ்வளவு பிடிச்சவனுக்கு இந்த வருஷம் திடீர்னு கை மறந்து போச்சா? அப்படித்தான் கேக்கறாங்க.”

“ஏன்யா, அந்தப் புள்ள பட்டினி கெடந்து பயிற்சிக்குப் போனவன்.”

“அதான் சொல்றாங்க, பட்டினி கெடந்தவனுக்குத்தானே காசு வேணும்னு.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஐந்து நாளாக அடைத்து வைத்திருந்தது மொத்தமாகக் கிளம்பியது. கையிலிருந்த விரிப்பை உதறி, “அக்கா, உயரத் தூக்கிப் பிடிங்க. இன்னும் மேல” என்றார். அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் ரோலர் வேலைக்காரப் பெண் ஒருத்தி. இரண்டு பேரும் கை உயர்த்திப் பிடிக்க, விரிப்பு கோல் போலக் குறுக்கே நின்றது. அவர் அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு கீப்பர் போல ஒரு கணம் நின்றார். பிறகு திரும்பி விரலால் குத்திக் காட்டினார்.

“இதான் கோல். போன வாரம் முதல் கோல் எங்க போச்சு? இங்க. ரெண்டாவது? இங்க. அதுக்கு முந்தின வாரம் கடைசி நிமிஷத்துல ஒண்ணு வாங்கினோமே, அது? இதோ, இங்க. எல்லாம் ஒரே மூலை. கீப்பருக்கு இடது பக்கம், மேல. இந்தப் பக்கம் ஒண்ணு போயிருக்கா? கீழ ஒண்ணு போயிருக்கா? எவனாவது பார்த்தவன் இருந்தா சொல்லு. காசு வாங்கினவன் ஒரே மூலையிலயா விடுவான்? நாலு பக்கமும் விட மாட்டான்?”

அவர்களும் ஆட்டம் பார்க்கிறவர்கள்தான். ஒவ்வொருவரும் மனதுக்குள் கோல்களை ஓட்டிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

“அட ஆமாண்ணே” என்றாள் அக்கா, கையை இறக்காமல்.

“அப்ப ஏன் அங்கயே போகுது?” என்றார் பாய்லர்காரர்.

இதற்குத்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பதிலையும் தயாராக வைத்திருந்தார். “லெஃப்ட் பேக்! இடது பக்கம் காவல் காக்க வேண்டிய அந்தப் பையன் முன்னாடி ஓடினா திரும்பி வீட்டுக்கு வர்றதே கிடையாது. அவன் பக்கம் தெறந்து கெடக்கு. எவன் வேணும்னாலும் நின்னு, மூச்சு வாங்கி, குறி பார்த்து அந்த மூலையில அடிக்கிறான். கீப்பர் என்ன பண்ணுவான்? லெஃப்ட் பேக்க மாத்தச் சொல்லுங்க மொதல்ல. நாளைக்கே சரியாப் போகும்.”

பாய்லர்காரர் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். கூடமே அபிப்பிராயத்தின் பக்கம் நின்றது. மாப்பிள்ளையின் பெயரையும் காப்பாற்றியாயிற்று, கண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. மகளிடம் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சரியாக வந்தது.

“அண்ணே, நீங்க ஒரு டீமுக்குக் கோச்சா இருக்க வேண்டிய ஆளு” என்றான் வேன்காரன், துவாலைக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டே. அவருக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

சனிக்கிழமையும் தூறல் விடவில்லை. கிழக்கு ஸ்டாண்டில் இடம் இல்லாமல் படிக்கட்டிலும் ஆள் நின்றார்கள். பல வருஷமாக ஆட்டம் பக்கமே வராதவர்கள்கூட, சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி முகத்தோடு வந்திருந்தார்கள். அபிப்பிராயம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். மகள் வரவில்லை. அவளால் பார்க்க முடியாது. மாடியில் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு இருந்தாள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எதிர் டீம்காரன் ஒருவன் நடு மைதானம் தாண்டியதும் தாண்டாததுமாக ஒரு அடி அடித்தான். அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் அடிக்க மாட்டார்கள். பந்து உயர்ந்து இடது மூலைக்குப் போனது. மாப்பிள்ளை குருட்டாம்போக்கில் பாய்ந்தான். கையில் எங்கோ பட்டு வெளியே போனது. ஸ்டாண்ட் எழுந்து நின்று கைதட்டியது. அபிப்பிராயமும் தட்டினார். பைத்தியக்காரன், அங்கிருந்து அடிக்கிறான் பார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அடுத்ததும் எட்டத்திலிருந்துதான் வந்தது. வேறொருவன் அடித்தான். அதே மூலை. மாப்பிள்ளை பாய்ந்தபோது பந்து ஏற்கெனவே வலைக்குள் கிடந்தது.

இடைவேளைக்கு முன் நம் பையன்கள் ஒரு கார்னர் கிக்கில் தலையால் முட்டி ஒரு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டார்கள். நெட்டையன்கள் அன்றைக்குப் பிரிந்து நின்றிருந்தார்கள். ஸ்டாண்டில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்படியே நின்றால் போதும். டிரா போதும். அபிப்பிராயம் தனக்குத் தெரிந்த கடவுளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது பாதியில் எதிர் டீமின் முன்வரிசைக்காரன் ஒருவன் பந்தோடு உள்ளே வந்தான். அவனுக்கு வலது பக்கம் அவன் ஆள் தன்னந்தனியாக நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டிக் கொடுத்தால் கோல். சின்னப் பிள்ளையும் தட்டிக் கொடுக்கும். அவன் கொடுக்கவில்லை. நின்று, நிமிர்ந்து பார்த்து, கஷ்டமான இடமாகப் பார்த்து கீப்பரின் இடது மூலைக்குத் தூக்கி அடித்தான். கம்பத்தில் பட்டு வெளியே போனது. எதிர் டீமின் கோச் கோட்டருகே நின்று, பரவாயில்லை, அங்கேயே அடி என்று கையை உயர்த்திக் காட்டினார். அவர் காட்டியது எந்த மூலை என்று கிழக்கு ஸ்டாண்டிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

அபிப்பிராயத்துக்கு அப்போதுதான் புரிந்தது. இவர்கள் வாய்த்ததை அடிக்கவில்லை. தெரிந்து அடிக்கிறார்கள்.

எழுந்து நின்று கத்தினார். “மாப்ள! இன்னும் இடது பக்கம் போ! இடது பக்கம்!” ஆயிரக்கணக்கான தொண்டைகளில் அது ஒன்று. மழை வேறு. பக்கத்தில் இருந்தவர், உட்காருங்க அபிப்பிராயம், மறைக்குது என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். ஃப்ரீகிக் ஒன்று கிடைத்தது அவர்களுக்கு. பந்தை வைத்தவன் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை, மூலையை மட்டும் பார்த்தான். பந்து போவதை ஸ்டாண்ட் முழுக்கப் பார்த்தது. மாப்பிள்ளை மட்டும் பார்க்கவில்லை. கோலுக்குள் விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினான்.

அதோடு முடிந்தது. கீழ் டிவிஷன். மாப்பிள்ளை தலை குனிந்து வெளியே போகும்போது அவன் மேல் தண்ணீர் பாட்டில்கள் விழுந்தன. காசு வாங்கியவன் என்று கத்தினார்கள். அபிப்பிராயம் ஸ்டாண்ட் காலியாகும்வரை உட்கார்ந்திருந்தார்.

வெளி கேட் அருகே வேன்காரன் நின்றுகொண்டிருந்தான். நனைந்திருந்தான். இவருக்காகத்தான் காத்திருந்தான் போல.

“அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு இப்ப பயமா இருக்கு” என்றான்.

“என்ன?”

“நேத்து துவாலை குடுக்கப் போனேன்ல. அவங்க கோச் கீழ உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தாரு. உங்க ஊர்ல பந்து ஆட்டம் தெரிஞ்சவன் எவனாவது இருக்கானான்னு கிண்டலாக் கேட்டாரு. எனக்கு ரோஷம் வந்துருச்சு. ஏன் இல்ல, எங்க லாண்டரியில ஒருத்தர் இருக்காரு, உங்களுக்கே பாடம் எடுப்பாருன்னு சொன்னேன். நீங்க விரிப்புல காட்டினத அப்படியே மேசைத்துணியில காட்டினேன். லெஃப்ட் பேக் கதையெல்லாம் சொன்னேன். அவரு டீயக் கீழ வெச்சுட்டாருண்ணே. இன்னொரு தடவை காட்டுன்னாரு. கீப்பர் எப்படி நிக்கிறான், எந்தப் பக்கம் தள்ளி நிக்கிறான்னு எல்லாம் கேட்டாரு.” அவன் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தான். “உங்க பேச்ச ஒரு கோச் ஒக்காந்து கேட்டாருன்னு உங்ககிட்ட சொல்லணும்னு ஆசையா இருந்துச்சு. ஆட்டம் பாக்கப் பாக்கத்தான் என்ன பண்ணிட்டேன்னு புரிஞ்சுது.”

அபிப்பிராயம் அவனை அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. அவன் சொன்னதில் அவன் சொந்த வார்த்தை ஒன்றுமில்லை. எல்லாம் இவருடையது. குடையைக்கூட விரிக்காமல் வீடுவரை நடந்தார்.

மனைவி கதவைத் திறந்து, “மேல போய் ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லிட்டு வாங்க. சாப்பிட மாட்டேங்குறாங்க” என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

மாடியில் மாப்பிள்ளை நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தான். மகள் அவன் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். அபிப்பிராயம் அவனுக்கு இடது பக்கம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“திங்கக்கிழமை வந்து சாமான எடுத்துக்கச் சொல்லிட்டாங்க மாமா” என்றான் மாப்பிள்ளை, கூரையைப் பார்த்தபடி.

“வேற டீம் இல்லாமலா போயிரும் மாப்ள? ஆபரேஷன் ஆகட்டும்.”

“இல்ல மாமா. ஆட்டம் முடிஞ்சு கை குடுக்கும்போது அவங்க கோச் என் இடது புருவத்தத் தட்டினாரு. ‘இந்தக் கண்ண யார்கிட்டயாவது காட்டு தம்பி’ன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. பக்கத்துலயே எங்க கோச், ரெஃப்ரி, ரெண்டு டீம் பசங்களும் நின்னுட்டிருந்தாங்க. நாளைக்கு எல்லா டீமுக்கும் தெரிஞ்சிரும்.” அவன் விரல்களை மடக்கி விரித்தான். “பொறந்ததுலேர்ந்து எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலதான் மாமா. இனிமே என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியல.”

மகள் பஞ்சால் அவன் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தாள். மருந்தா கண்ணீரா என்று சொல்ல முடியவில்லை.

“யாரோ சொல்லியிருக்காங்க” என்றான் மாப்பிள்ளை. “இல்லேன்னா இப்படி வந்ததுலேர்ந்து அங்கயே அடிக்க மாட்டாங்க. லெஃப்ட் பேக்கா ஆடறானே, அவனுக்கு மட்டும்தான் கொஞ்ச நாளா சந்தேகம். ‘உனக்கு அந்தப் பக்கம் தெரியுதா’ன்னு ஒரு தடவை கேட்டான். பத்து வருஷமா ஒரே ரூம்ல தங்கினவன். சோத்துக்கு இல்லாதப்ப ஒரே தட்டுல சாப்பிட்டோம். அவன்தான் வித்திருக்கான். நாளைக்கு அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு கேக்கப் போறேன். அவன் பொண்டாட்டி பிள்ளைங்க முன்னாடி கேக்கப் போறேன்.”

அபிப்பிராயம் தரையைப் பார்த்தார்.

“அவன் இல்ல மாப்ள. நான்தான்.”

மாப்பிள்ளைக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்கும் அவனுக்கும் சண்ட வரக் கூடாதுன்னு நீங்க ஏன் மாமா பழியத் தூக்கிப் போட்டுக்கறீங்க? நீங்களும் என்னிக்கிலேர்ந்து கத்தறீங்க, உங்க பேச்ச எந்தக் கோச் மாமா கேட்டிருக்கான்?”

மகள் சிரிக்கவில்லை. மருந்துக்குப்பியை மெதுவாக மூடி மேசையில் வைத்தாள். தன் அப்பாவை அவளுக்குத் தெரியும்.

“யார்கிட்டப்பா சொன்னீங்க?” என்றாள்.

“கண்ணப் பத்திச் சொல்லலம்மா. சத்தியமாச் சொல்லல. காசு வாங்கிட்டான்னு சொன்னாங்க, அதான்... எந்த மூலையில கோல் போகுதுன்னு மட்டும்தான் காட்டினேன்.”

“யார்கிட்டப்பா?”

“எல்லார் முன்னாடியும்.”

மாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்க்க அவன் தலையை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினான்.